ஈட்டியோடு போன சிவப்புக் கையுறை

வின்னபேகோ ஏரி, கிழக்குக் கரை
விஸ்கான்சின்
பிப்ரவரி மாதம், புதன்கிழமை

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய ஆர்டிஸ் மதினிக்கு, உங்கள் தம்பி நார்பெர்ட்டின் மனைவி வெர்னா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் பூனையும் சுகம். அங்கே அரிசோனாவில் நீங்களும், மகன் டுவேனும், புதிதாக மாற்றி வைத்த உங்கள் முழங்காலும் சுகமாக இருக்கக் கடவுள் துணை செய்யட்டும். உங்கள் ஊரில் இந்த மாதத்திலேயே வெறுங்காலோடு வாசலில் நடக்கலாம் என்று போனில் சொன்னீர்கள். இங்கே நேற்று எனக்கு இமையோடு இமை உறைந்து ஒட்டிக்கொண்டது, மூச்சை ஊதி ஊதிப் பிரித்தேன். மற்றபடி ஒரு குறையும் இல்லை. எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் கொடுத்த ஆறு வெள்ளைத் தட்டுகளும் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றுகூட உடையவில்லை. நேற்றுவரை நாலு நாளும் காலையிலிருந்து மத்தியானம் வரை அவற்றைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஈட்டியை எப்போது அனுப்புவேன் என்று மூன்று தடவை போன் பண்ணிவிட்டீர்கள். எனக்குப் போனில் பேச வராது. எட்டாம் வகுப்போடு மாடு கறக்கப் போனவள், எழுதவும் அழகாக வராது. ஆனால் எழுத்தில் ஒரு வசதி, நீங்கள் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள்.

நார்பெர்ட்டை அடக்கம் செய்த அன்று, சர்ச்சுக்குக் கீழே இருக்கும் கூடத்தில் எல்லோரும் ஹாம் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: "வெர்னா, அந்த ஈட்டி எங்கப்பா வைக்கோல் வாரியோட பல்லை வளைச்சு அவர் கையால செஞ்சது. தம்பி முப்பத்து நாலு வருஷம் வச்சிருந்தான், ஒரு மீனைக்கூடக் குத்தலை. இனிமே அது எதுக்கு அங்க துருப்பிடிச்சுக் கெடக்கணும்? டுவேன் வீட்டுச் சுவத்துலயாவது அழகா இருக்கட்டும். ஐஸ் மேல அவன் போட்டு உக்கார்ற அந்தக் கொட்டகையையும் வித்துட்டு நீயும் எங்கூட வந்துடு. ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு." நான் அழுதுகொண்டிருந்தேன். அழுகிற வாயால், "சீசன் முடியட்டும் மதினி, அனுப்பிடறேன்" என்று சொன்னேன். நீங்களும் சரி என்றீர்கள். செத்துப்போனவருக்கு என்ன சீசன் என்று நீங்கள் கேட்கவில்லை. அந்தச் சீசன் அவருக்கு இல்லை மதினி, எனக்கு. அதை அன்றைக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது, இப்போது சொல்கிறேன்.

உறைந்த ஏரியில் ஐஸை அறுத்து ஸ்டர்ஜன் மீன் குத்துவது பிப்ரவரியில் என்றாலும் அதற்கு லைசென்ஸ் அக்டோபர் முடிவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்பது நீங்கள் இங்கே பிறந்து வளர்ந்தவர், உங்களுக்கே தெரியும். நவம்பர் முதல் தேதி போய் நின்றால் கவர்னரே வந்து கேட்டாலும் கிடையாது. அந்தக் கடைசி நாளில் நார்பெர்ட் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூக்கில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய், வாயில் மட்டும் லைசென்ஸ் லைசென்ஸ் என்று ஒரே பேச்சு. "வெர்னா, இன்னிக்கு விட்டா போச்சு. ஓடிப்போய் வாங்கிட்டு வா." பிப்ரவரியை எல்லாம் நினைக்க வேண்டாம் என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார். அதை அவரிடம் எந்த வாயால் சொல்வது? வாங்கிக் கையில் கொடுத்தால் சந்தோஷமாவது படுவாரே என்று தூண்டில் கடைக்கு ஓடினேன். கடைசி நாள் என்பதால் வாசல்வரை கூட்டம். கவுண்டரில் இருந்தவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "பேரு?" என்றான். "வெர்னா வீஸ்னர்" என்றேன். யாராவது பேர் கேட்டால் நாம் நம் பேரைத்தானே சொல்வோம்? பிறந்த தேதி கேட்டான், சொன்னேன். கார் லைசென்ஸைக் கேட்டான், கொடுத்தேன். கண் என்ன நிறம் என்றான், நீலம் என்றேன். எடை எவ்வளவு என்று கேட்டபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே? இருபது பவுண்டு குறைத்துச் சொல்வதில்தான் என் கவனமெல்லாம் இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு வந்து கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். "வெர்னா வீஸ்னர், கண்ணு நீலம், எடை நூத்து நாப்பது. யாருடி இந்த ஒல்லிப் பொண்ணு?" அப்புறம் ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள், கட்டிலுக்குப் பக்கத்து மெஷினெல்லாம் கத்தி, இரண்டு நர்ஸ்கள் ஓடிவந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "குடுங்க, போய் உங்க பேருக்கு மாத்திட்டு வந்துடறேன்" என்றேன். "மாத்த முடியாது வெர்னா. ஒருத்தர் பேருல எடுத்ததை இன்னொருத்தர் வச்சுக் குத்தக் கூடாது. விதி." மீன் விதியெல்லாம் அவருக்கு மனப்பாடம். "முப்பத்து நாலு வருஷம் நான் குளிர்ல உக்காந்தாச்சு. இந்த வருஷம் நீ போய் உக்காரு. நான் எங்கயாவது வெதுவெதுப்பா இருந்துக்கறேன்." அடுத்த வாரமே போய்விட்டார். அவர் எந்த இடத்து வெதுவெதுப்பைச் சொன்னார் என்று நான் பாதிரியாரிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆக, மதினி, என் கையில் ஒரு லைசென்ஸ், அதில் என் பேர். காசு கொடுத்து வாங்கியதை வீணாக்கக் கூடாது என்பது ஒரு பக்கம், அவர் சொல்லிவிட்டுப் போனது இன்னொரு பக்கம். அரசாங்கம் போட்ட மீன்பிடி விதிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு டிசம்பர் ஜனவரி முழுக்கப் பூதக்கண்ணாடியால் படித்தேன். பைபிளில்கூட இத்தனை 'கூடாது' கிடையாது. காலை ஏழு மணிக்கு முன்னால் குத்தக் கூடாது. மத்தியானம் ஒரு மணிக்குப் பின்னால் குத்தக் கூடாது. ஒருத்தருக்கு ஒரு மீனுக்கு மேல் கூடாது. குத்திய கையோடு, லைசென்ஸோடு கொடுத்த மீன் சீட்டை அதன் உடம்பில் கட்டாமல் இருக்கக் கூடாது. அன்றைக்கே இரண்டு மணிக்குள் எடை போடும் இடத்தில் காட்டாமல் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. இதையெல்லாம்கூட ஒத்துக்கொள்கிறேன். முப்பத்தாறு அங்குலத்துக்குக் குறைந்த மீனைக் குத்தக் கூடாதாம். தண்ணீருக்குள் ஓடுகிற மீனை எப்படி அளப்பது? "கொஞ்சம் நில்லுப்பா" என்று சொல்லி நாடா வைப்பதா?

இதை நார்பெர்ட்டின் சிநேகிதர் க்ளீட்டஸ் அண்ணனிடம் கேட்டேன். அவரை உங்களுக்குத் தெரியும், நாற்பது வருஷமாக ஏரியில் உட்கார்கிறார், அவரும் இன்னும் ஒரு மீன் குத்தவில்லை, நார்பெர்ட்டின் சங்கிலி ரம்பத்தை இரவல் வாங்கிப் பத்து வருஷமாகத் திருப்பித் தராதவர். அவர் சொன்னார், "தங்கச்சி, அடியில வெள்ளையா ஏதாவது போட்டு வச்சா மேல போற மீனு கருப்பாத் தெரியும். சிலபேர் முட்டை ஓடு போடுவான், சிலபேர் சோளம் போடுவான். அளவு தெரிஞ்ச வெள்ளைச் சாமானா இருந்தா இன்னும் நல்லது." நான் சமையலறையைச் சுற்றிப் பார்த்தேன். வெள்ளையாக, அளவாக, கண்ணெதிரே இருந்தவை உங்கள் தட்டுகள்தான். ஒரு தட்டு சரியாக ஒன்பது அங்குலம். நாலு வைத்தால் முப்பத்தாறு. அந்தத் தட்டுகளைச் செய்தவன் ஏரிக்காரனாகத்தான் இருக்க வேண்டும். அவற்றை ஒரு பழைய கதவுப் பலகையில் வரிசையாக வைத்துக் கம்பியால் கட்டி, கயிற்றில் தொங்கவிட்டு ஏரியின் அடியில் இறக்கிவிட்டோம். தட்டுகள் பத்திரமாக இருக்கின்றன என்று மேலே எழுதியது பொய் இல்லை என்று இப்போது புரிந்திருக்கும். அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதலாமா என்று பார்த்தேன், கடிதம் அசிங்கமாகிவிடும், இருக்கட்டும்.

சனிக்கிழமை சீசன் ஆரம்பம். விடியும் முன்னே க்ளீட்டஸ் அண்ணன் தன் டிரக்கில் கொட்டகையை இழுத்துக்கொண்டு, பாதைக்கு அடையாளமாக ஐஸில் நட்டு வைத்திருக்கும் பழைய கிறிஸ்துமஸ் மரங்களைப் பார்த்துக்கொண்டே போய், நார்பெர்ட் வழக்கமாக உட்காரும் இடத்தில் நிறுத்தினார். கொட்டகைத் தரையில் இருக்கும் திறப்புக்கு நேராக, நார்பெர்ட்டின் ரம்பத்தாலேயே ஐஸை அறுத்து ஓட்டை போட்டார். "நல்ல ரம்பம் தங்கச்சி, இப்பல்லாம் இந்த மாதிரி கெடைக்கறதில்ல" என்று என்னிடமே சொன்னார். பிறகு தன் கொட்டகைக்குப் போய்விட்டார், கூப்பிடு தூரம்தான். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். உள்ளே ஜன்னல் கிடையாது, விளக்கு கிடையாது, கும்மிருட்டு. ஆனால் காலடியில் நம் சாப்பாட்டு மேஜை அளவுக்கு ஒரு பச்சை வெளிச்சம், ஏரி அடியிலிருந்து யாரோ விளக்கேற்றி வைத்த மாதிரி. அதற்குள் உங்கள் ஆறு தட்டும். இத்தனை வருஷமாக ஆண்கள் எல்லாம் பிராந்தி குடிக்கத்தான் இங்கே வருகிறார்கள் என்று நினைத்திருந்தேன். அது தப்பு. பிராந்தியும் குடிக்கிறார்கள், அவ்வளவுதான். ஒன்றுமே நடக்காத அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டு நார்பெர்ட் வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு என்ன தெளிவு தெரியுமா வெர்னா!" என்று சொல்லிக்கொண்டே பூட்ஸைக் கழற்றுவார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு "ம்" என்பேன்.

பத்து மணி இருக்கும், கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் மீன் சட்டம் பார்க்கிற வார்டன். ஆண் பிள்ளையாக இருக்கும் என்று நினைத்தேன், பார்த்தால் மாய் தாவ் என்று ஒரு சின்னப் பெண். அவள் அம்மா சந்தையில் நமக்கு வெள்ளரிக்காய் விற்பாளே, அவள் மகள். லைசென்ஸ் கேட்டாள். கொடுத்தேன். படித்தாள், என்னைப் பார்த்தாள், எடை எழுதியிருக்கும் இடத்தில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றாள். நல்ல பெண், ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீருக்குள் எட்டிப் பார்த்து, "அம்மா, அது என்ன, டின்னர் செட்டா?" என்றாள். "மதினி கொடுத்தது" என்றேன். "போடறதைத் திரும்ப எடுத்துடணும், அப்படியே விட்டுட்டுப் போகக் கூடாது." "விட்டுட்டுப் போனா மதினி என்னைக் கொன்னுடுவாங்க பொண்ணு" என்றேன். "அப்ப அது எங்க சட்டத்தைவிடப் பெருசு" என்று சிரித்தாள்.

அப்புறம் வெளியே போய்க் கொட்டகையின் பக்கவாட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். அங்கே நார்பெர்ட் தன் கையால் பெயின்ட் அடித்து எழுதிய பேரும் விலாசமும் இருக்கிறது. "அம்மா, கொட்டகையில ஓனர் பேரு இருக்கணும். நார்பெர்ட் யாரு?" "என் வீட்டுக்காரர்." "அவர் எங்க?" "நவம்பர்ல போய்ட்டார்." அந்தப் பெண் தொப்பியைக் கழற்றினாள், அந்தக் குளிரில். பிறகு மெதுவாகச் சொன்னாள், "அப்ப ஓனர் நீங்கதாம்மா. உங்க பேரை எழுதணும்." அவர் பேரை அழிக்கச் சொல்கிறாளே என்று இருந்தது எனக்கு. "அவர் பேரு இருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அவள் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள், பின்னாலிருந்தும் ஒரு தடவை புரட்டினாள். "ஓனர் பேரு இருக்கணும்னுதான் போட்டிருக்கு. வேற பேரு இருக்கக் கூடாதுன்னு எங்கயும் போடலை. போடாததை நாங்க தடுக்கறதில்ல." மறுநாளே பெயின்ட்டும் பிரஷ்ஷும் கொண்டுபோய் அவர் பேருக்கு அடியில் "வெர்னாவும்" என்று எழுதிவிட்டேன். குளிரில் பெயின்ட் கட்டியாகிவிட்டது, எழுத்து கோணல்தான். அவள் வந்து எழுத்தின் உயரத்தை மட்டும் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு, "செல்லும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிறு ஒன்றும் வரவில்லை. திங்கள் ஒரு எலி மாதிரி என்னவோ நீந்திப் போனது. செவ்வாய் ஒரு சின்ன ஸ்டர்ஜன் வந்தது, கையில் ஈட்டியை எடுத்துவிட்டேன், ஆனால் மூன்று தட்டைத்தான் மறைத்தது, விட்டுவிட்டேன். உங்கள் தட்டால் ஒரு உயிர் பிழைத்தது, அந்தப் புண்ணியம் உங்களுக்கு.

இப்போது இன்றைய கதைக்கு வருகிறேன். இதைத்தான் எழுத முடியாமல் எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறேன். உங்கள் அப்பா செய்த ஈட்டி எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். எறிந்தால் முனை மீனோடு போகும், கட்டை தனியாகக் கழன்றுவிடும். முனையில் நீளமாக ஒரு கயிறு. அந்தக் கயிற்றின் இன்னொரு நுனியைக் கொட்டகைச் சுவரில் இருக்கும் வளையத்தில் கட்டிவைக்க வேண்டும், மீன் ஓடினாலும் கயிறு நம் கையில் இருக்கும். சனிக்கிழமை க்ளீட்டஸ் அண்ணன் கட்டிவிட்டுத்தான் போனார். ஆனால் மதினி, எனக்கு இரண்டு ஜோடிக் கையுறை போட்டாலும் விரல் விறைக்கிறது. அதனால் என் கையுறைக்கு மேல் நார்பெர்ட்டின் சிவப்புக் கம்பளிக் கையுறையைப் போட்டுக்கொள்வேன், நான் பின்னிக் கொடுத்தது. அது தண்ணீரில் நனைந்து நனைந்து மரக்கட்டை ஆகிவிடுகிறது. காயப்போட இடம் வேண்டும். கொட்டகைக்குள் கும்மென்று கணப்பு எரிகிறது, இந்தப் பக்கம் ஒரு ஆணி, அந்தப் பக்கம் ஒரு ஆணி, நடுவில் சும்மா சுருட்டி வைத்த ஒரு நல்ல கயிறு. எந்தப் பெண்பிள்ளைக்குத்தான் கை சும்மா இருக்கும்? வளையத்திலிருந்து அவிழ்த்து இரண்டு ஆணிக்கும் நடுவே கொடி கட்டி, கையுறை இரண்டு, சாக்ஸ் ஒன்று, ஒரு மேஜைத் துணி, எல்லாவற்றையும் கிளிப் போட்டுக் காயப்போட்டேன். கொடி அழகாகத்தான் இருந்தது.

காலை ஒன்பது மணிக்கு அது வந்தது. சத்தமில்லை, அவசரமில்லை. முதலில் ஒரு தட்டு மறைந்தது. பிறகு இரண்டு. நாலாவது தட்டு மறைந்தபோது நான் எழுந்துவிட்டேன். ஐந்து. ஆறு. ஆறு தட்டும் போய், அதன் வால் இன்னும் பலகைக்கு வெளியே இருந்தது. ஒரு விறகுக்கட்டை உயிர் வந்து நடந்த மாதிரி. நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. "நார்பெர்ட்!" என்று ஒரு கத்து கத்தினேன், கை தானாக ஈட்டியை விட்டது. பட்டது மதினி! உங்கள் அப்பாவின் ஈட்டி எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாக ஒரு மீன் மேல் பட்டது! மேலே கொடி சடசடவென்று ஆணியிலிருந்து பிய்ந்தது. மேஜைத் துணி என் முகத்தில் வந்து அப்பியது. அதை எடுத்துவிட்டுப் பார்க்கிறேன், கயிற்றின் நுனி தண்ணீருக்குள் போய்க்கொண்டிருக்கிறது, கடைசியாக அந்தச் சிவப்புக் கையுறை, ஐந்து விரலையும் விரித்து எனக்கு டாட்டா காட்டிக்கொண்டே ஐஸுக்கு அடியில் போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஈட்டிக் கட்டை மட்டும் மேலே மிதந்து வந்து நின்றது.

நான் கட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். க்ளீட்டஸ் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. முப்பத்து நாலு வருஷம் நார்பெர்ட் பத்திரமாக வைத்திருந்ததை நான் ஐந்தே நாளில் தொலைத்தேன். மீன் போனால் போகிறது. ஈட்டி அவர் கையில் இருந்தது. கையுறையும் அவர் கையில் இருந்தது. இரண்டையும் ஒரு மீனிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். பூனை என் மடியில் ஏறாமல் கட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே மதினி, ஈட்டியை அனுப்ப முடியாததற்கு மன்னிக்க வேண்டும். கட்டை வேண்டுமானால் அனுப்புகிறேன். சுவரில் மாட்டினால் விளக்குமாற்றுக் கட்டை என்று நினைப்பார்கள், டுவேன்தான் ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னதுதான் சரி. நான் இதற்கெல்லாம் லாயக்கில்லை. கொட்டகையை க்ளீட்டஸ் அண்ணனுக்கே கொடுத்துவிட்டு, தட்டுகளை மேலே எடுத்துக் கழுவிக்கொண்டு, மார்ச் மாதம் உங்களிடம் வந்துவிடுகிறேன். அந்தச் சும்மா கிடக்கும் ரூமைப் பெருக்கி வையுங்கள். பூனைக்கு அங்கே வெயில் ஒத்துக்கொள்ளுமா என்றும் விசாரியுங்கள்.

டுவேனுக்கும் அவன் குடும்பத்துக்கும் என் முத்தங்கள். உங்கள் முழங்கால் நீங்கள் சொன்னபடி மடங்கட்டும். மேலே இருப்பவர் உங்களையும் என்னையும் ஒன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும், எந்த மேலே இருப்பவர் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு
வீடும் கொட்டகையும் விட்டு வரப்போகும்
வெர்னா

பின்குறிப்பு: மதினி, ரூமைப் பெருக்க வேண்டாம்.

உறையை நாக்கால் ஒட்டப் போனேன், கதவை உடைக்கிற மாதிரி தட்டு. க்ளீட்டஸ் அண்ணன். தொப்பி இல்லை, முகம் சுண்ணாம்பு. "தங்கச்சி, நார்பெர்ட் வந்திருக்கான்" என்றார். பிராந்தி என்று நினைத்தேன். இல்லை. அவர் தன் கொட்டகையில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பச்சை வெளிச்சத்துக்குள் ஒரு சிவப்புக் கை மெதுவாக வந்திருக்கிறது. அவர் மீனை இழுக்கத் தொங்கவிட்டிருக்கும் மரப் பொம்மை மீனை அந்தக் கை எட்டிப் பிடித்து, இழுத்திருக்கிறது. "நான் முட்டி போட்டுட்டேன் தங்கச்சி. நார்பெர்ட், ரம்பத்தை இன்னிக்கே குடுத்துடறேன்டா, என்னை விட்டுடுடான்னு கத்திட்டேன்." அப்புறம்தான் கையுறைக்குப் பின்னால் சாக்ஸும், சாக்ஸுக்குப் பின்னால் கயிறும் தெரிந்திருக்கிறது. கயிறு பொம்மையில் சிக்கிக்கொண்டு நின்றுவிட்டது. மனிதர் இழுத்து இழுத்து, கயிற்றின் அந்த நுனியில் ஈட்டியோடு மீனையே மேலே கொண்டுவந்துவிட்டார்.

நான் செருப்போடு ஓடினேன். போய்ப் பார்த்தால் மாய் தாவ் அங்கே நிற்கிறாள், மீன் ஐஸில் கிடக்கிறது, அதன் மேல் க்ளீட்டஸ் அண்ணனின் கோட்டு. அவர் சட்டைப் பையில் அவருடைய மீன் சீட்டு வெளியே தெரிகிறது. நாற்பது வருஷமாக ஒரு மீன் மேலும் கட்டாத சீட்டு. என்னைக் கூப்பிட ஓடி வராமல் அவர் அதைக் கட்டியிருந்தால் இந்த உலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது.

"ஈட்டி எறிஞ்சது யாரு?" என்றாள் வார்டன்.

"தங்கச்சி" என்றார் அவர்.

"மேல இழுத்தது?"

"அண்ணன்தான். அவர் ஓட்டைலதான் வந்துது. அவர் சீட்டையே கட்டட்டும்" என்றேன்.

"நீ சும்மா இரு தங்கச்சி. நான் குத்தலை."

"நான் தொலைச்சுட்டு வீட்டுக்குப் போய்ட்டேன்ல அண்ணே."

"சரி, ஈட்டி யாரோடது?" என்றாள் அவள்.

"நார்பெர்ட்டோடது" என்று இருவரும் ஒன்றாகச் சொன்னோம்.

அந்தப் பெண் புத்தகத்தைப் புரட்டினாள். பின்னாலிருந்தும் புரட்டினாள். "இதுக்கு இதுல ஒண்ணும் போடலையே." மணி ஒன்றைத் தாண்டிக்கொண்டிருந்தது. "நார்பெர்ட் இருந்தா டக்னு சொல்லிருப்பான்" என்றார் க்ளீட்டஸ் அண்ணன். அவள் கொஞ்ச நேரம் அந்தச் சிவப்புக் கையுறையையே பார்த்தாள். பிறகு புத்தகத்தை மூடிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். "அம்மா, நீங்க எறிஞ்ச நேரம் சரி. லைசென்ஸ் உங்களோடது. மீன் கயித்தை விட்டுப் போகவே இல்லை. உங்க சீட்டைக் கட்டுங்க. க்ளீட்டஸ் ஐயா, நீங்க கயித்தைத்தான் பிடிச்சீங்க. கயிறு பிடிக்க லைசென்ஸ் வேணாம்."

கட்டினேன். அவிழ்ந்துவிடப் போகிறதே என்று இரண்டு தடவை கட்டினேன். டிரக்கில் போட்டு எடை போடும் இடத்துக்குப் பறந்தோம். அங்கே நாற்பது ஐம்பது பேர் கையில் பிராந்தியோடு நிற்கிறார்கள், எல்லோரும் மீனைத் தட்டிப் பார்க்கிறார்கள், மீனில் தொங்கும் சாக்ஸைப் பார்க்கிறார்கள். அறுபத்தொரு பவுண்டு. எழுதிக்கொள்கிறவன் கேட்டான், "எத்தனை வருஷமா உக்கார்றீங்கம்மா?" எல்லோரிடமும் கேட்பார்களாம். "முப்பத்து நாலு வருஷமும் அஞ்சு நாளும்" என்றேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். "அஞ்சு நாள்தான் என்னோடது" என்றேன். அவன் அப்படியே எழுதிக்கொண்டான். க்ளீட்டஸ் அண்ணன் மூக்கைச் சிந்தினார், குளிர் என்று சொன்னார். வீட்டுக்கு வரும் வழியில் ரம்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆக மதினி, ஈட்டி இப்போது சமையலறை மேஜையில் இருக்கிறது. முனையில் ஒரு பல் கொஞ்சம் வளைந்திருக்கிறது, அதை நிமிர்த்தப் போவதில்லை. தட்டுகளையும் மேலே எடுத்தாயிற்று, ஒன்றில் இரண்டு விரிசல், அதையும் சொல்லிவிட்டேன். கையுறை கணப்புக்கு மேல் காய்கிறது, ஆணியில், கயிற்றில் இல்லை.

சீசன் முடிந்ததும் அனுப்புவேன் என்று வாக்குக் கொடுத்தது உண்மைதான். எந்தச் சீசன் என்று நானும் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. போடாததைத் தடுப்பதில்லை என்று சட்டமே சொல்கிறது. அது உங்கள் அப்பா செய்தது, உங்களுக்கும் அதில் பாத்தியதை உண்டு, நான் இல்லை என்று சொல்லவில்லை. அதனால் அடுத்த பிப்ரவரியில் நீங்களே வாருங்கள். கொட்டகையில் இரண்டு நாற்காலி போட இடம் இருக்கிறது. "வெர்னாவும்" என்று எழுதியதற்கு அடியில் இன்னும் ஒரு வரி எழுதவும் இடம் இருக்கிறது, பெயின்ட்டும் மிச்சம் இருக்கிறது. ஒரு காலை முழுக்க அந்தப் பச்சைத் தண்ணீரைப் பாருங்கள், அதற்கப்புறமும் ஈட்டி அரிசோனாச் சுவரில்தான் இருக்க வேண்டும் என்று தோன்றினால் நானே தாளில் சுற்றித் தருகிறேன்.

லைசென்ஸை மட்டும் அக்டோபர் முடிவதற்குள் வாங்கிவிடுங்கள். வாங்கும்போது பேர் கேட்டால் உங்கள் பேரையே சொல்லுங்கள். எடை எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் கேட்பதில்லை.